பழைய காருக்குப் பவர் விண்டோ: எந்த வழி, எந்தக் கதவு?

கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்புடன் வெளிவந்த ஒரு பழைய காருக்குப் பவர் விண்டோ, அதாவது மோட்டாரால் ஏறி இறங்கும் கண்ணாடி, பொருத்த நினைப்பவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கும் கைப்பிடி அமைப்பையே முழுமையாகச் செப்பனிட்டு, மோட்டார் வேண்டாம் என்று அத்துடன் நிறுத்திக்கொள்வது முதல் வழி. கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பொறியமைப்பான பழைய ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றும் வேலையை மட்டும் ஒரு மோட்டாரிடம் ஒப்படைப்பது இரண்டாவது வழி. அதே மாடலுக்கு அந்தக் காலத்தில் நிறுவனமே கூடுதல் வசதியாகக் கொடுத்த பவர் விண்டோவின் பாகங்களைத் தேடிப் பிடித்துப் பொருத்துவது மூன்றாவது. பழையதை முழுவதும் கழற்றிவிட்டு, ரெகுலேட்டரும் மோட்டாரும் சேர்ந்த புதிய தொகுப்பு ஒன்றைக் கதவுக்குள் அமைப்பது நான்காவது. விற்பனைக் குறிப்புகளைப் படிப்பவருக்கு இவற்றின் வேறுபாடு மோட்டாரின் வலுவிலும் சுவிட்சின் தோற்றத்திலும் இருப்பதாகவே தோன்றும். என் கணிப்பில் அவை இரண்டும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. கண்ணாடி ஓடும் பாதை எந்த நிலையில் இருக்கிறது, செய்யும் மாற்றத்தைப் பின்னாளில் தழும்பில்லாமல் பிரித்தெடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

எடை சிறிது, உராய்வு பெரிது

முன்கதவுக் கண்ணாடி ஒன்று 80 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் உயரமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2500 கிலோகிராம் என்பதால், அதன் எடை 5 கிலோகிராம் அளவில்தான் வரும். இந்த எடையை 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு 4 விநாடிகளில் தூக்க, இழப்பு ஏதும் இல்லாத நிலையில், 5 வாட் திறனே போதும். ஆனால் 12 வோல்ட்டில் இயங்கும் சாதாரண விண்டோ மோட்டார் ஓடும்போது 5 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கிறது. அதாவது 60 முதல் 120 வாட் வரை. மோட்டாருக்குள் இருக்கும், திருகு போன்ற தண்டு பற்சக்கரத்தைச் சுற்றும் வார்ம் கியரே இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. கண்ணாடி தன் எடையால் மோட்டாரைத் திருப்பிச் சுழற்றிக் கீழே இறங்கிவிடாதபடி தானாகப் பூட்டிக்கொள்ளும் வார்ம் கியரின் செயல்திறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது. இது குறைபாடு அன்று, அந்தப் பூட்டுக்கு நாம் கொடுக்கும் விலை. எஞ்சியதில் கண்ணாடியைத் தூக்கச் செலவாவது சிறு பங்குதான். மற்றது சேனல் (கண்ணாடி ஓடும் பள்ளம்), பீடிங் (விளிம்பு ரப்பர்), ரெகுலேட்டரின் உருளைகள் ஆகியவற்றின் உராய்வை வெல்லப் போகிறது.

பழைய காரில் இந்த உராய்வுதான் மாறியிருக்கும். கண்ணாடியின் எடை மாறுவதில்லை. சேனலில் ஒட்டியிருந்த துணிப்பட்டை தேய்ந்து தகரம் வெளியே தெரியும், ரப்பர் இறுகிக் கண்ணாடியைக் கவ்வும், ரெகுலேட்டரின் கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும், முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தடுப்புத் தண்டு கீழ்முனையில் சற்று வளைந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றும் மனிதர் இவற்றுக்கெல்லாம் தம்மை அறியாமலே ஈடு கொடுக்கிறார்: இறுகும் இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார், மறு கையால் கண்ணாடியைச் சற்று உள்ளே சாய்த்துத் தள்ளுகிறார், அதற்கும் நகராவிட்டால் விட்டுவிடுகிறார். மோட்டாருக்கு இந்த நிதானம் கிடையாது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கதவின் உள் ட்ரிம் பலகையைக் கழற்றி, கண்ணாடியின் அடியில் இருக்கும் உலோகப் பட்டையை ரெகுலேட்டரின் கையிலிருந்து விடுவித்து, கண்ணாடியை மட்டும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு முழுத் தூரமும் மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். அதன் எடைக்குச் சற்று மேலான விசையில் அது வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். இதை எண்ணாகவே அறிய விரும்புவோர், பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கண்ணாடியின் விளிம்பில் துணிப்பட்டை கட்டி மாட்டி, மெதுவாக மேலே இழுக்கலாம். 5 கிலோகிராம் கண்ணாடிக்குத் தராசு 7 அல்லது 8 காட்டினால் பாதை நன்றாக இருக்கிறது என்று பொருள். 15 காட்டினால் கண்ணாடியைத் தவிர இன்னும் 10 கிலோகிராமை மோட்டார் ஒவ்வொரு முறையும் தூக்கப்போகிறது என்று பொருள். அந்த நிலையில் பொருத்தப்படும் எந்தத் தொகுப்பும், அது எவ்வளவு உயர்ந்ததானாலும், விரைவில் பழுதாகும். கெட்டதற்குப் பழி தொகுப்பின் மீதே விழும்.

முதல் வழி: கைப்பிடியைச் செப்பனிடுவது

சோதனையில் தேறாத பாதையைச் சரிசெய்யும் வேலை நான்கு வழிகளுக்கும் பொது என்பதால், முதல் வழியில் செலவழியும் உழைப்பு எதுவும் வீணாவதில்லை. புதிய சேனல் பட்டைகளைப் பொருத்தி, ரெகுலேட்டரை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீஸைக் கழுவி, தேய்ந்த நைலான் உருளைகளை மாற்றி, அசையும் இணைப்புகளுக்கும், கைப்பிடியின் சிறு பற்சக்கரம் நகர்த்தும் பிறை வடிவப் பற்தகடான பற்சக்கரப் பிறைக்கும் லித்தியம் கிரீஸும் சேனலுக்குச் சிலிகான் தெளிப்பும் கொடுத்தால், பெரும்பாலான கார்களில் கைப்பிடி இரண்டு விரலால் சுற்றும் அளவுக்கு இலகுவாகிவிடும். பவர் விண்டோ வேண்டும் என்று தொடங்கியவர்களில் சிலர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. தோள்வலி உள்ளவர்களுக்கும், அகலமான முன்இருக்கை கொண்ட காரில் அடுத்த பக்கக் கண்ணாடிக்கு எட்டாதவர்களுக்கும் மட்டும் இது விடையாகாது.

ரெகுலேட்டரைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை: கத்திரிக்கோல் போல இரண்டு கைகள் குறுக்கிடும் வகையில், கண்ணாடியின் எடையைச் சமன்செய்ய ஒரு வலுவான சுருள்வில் இருக்கும். கண்ணாடியோ பற்சக்கரமோ பிடித்து நிறுத்தாத நிலையில் அந்த வில் தன் முழு இழுவிசையுடன் கைகளை வீசியடிக்கும். விரல் இடையில் இருந்தால் எலும்பு முறியும். பற்சக்கரப் பிறையையும் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு போல்ட் போட்டு முடுக்கிய பிறகே கியரையோ மோட்டாரையோ கழற்ற வேண்டும்.

இரண்டாவது வழி: பழைய ரெகுலேட்டர், புதிய மோட்டார்

இந்த வழியில் இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவது, கைப்பிடி மாட்டும் பல்தண்டின் மீதே ஒரு சிறு கியர்ப்பெட்டி உட்கார்ந்து அதைச் சுற்றுவது. மோட்டார் கதவுக்குள் இடம் கிடைக்கும் மூலையில் இருக்கும், வளையும் கேபிள் ஒன்று அதன் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டுவரும். இரண்டாவது, ரெகுலேட்டரை வெளியே எடுத்து, கைப்பிடிக்குரிய சிறு பற்சக்கரத்தை ரிவெட் தட்டி நீக்கிவிட்டு, மோட்டாரின் பற்சக்கரம் நேராகப் பிறையோடு பொருந்தும்படி அமைப்பது.

முதல் வகையின் பெரிய சிறப்பு அதைப் பிரித்தெடுக்க முடிவது. காரின் எந்தப் பாகத்தையும் வெட்ட வேண்டியதில்லை. நாளை ஒருவர் காரை மூல நிலைக்குக் கொண்டுவர விரும்பினால் ஒரே பிற்பகலில் கைப்பிடியை மீண்டும் மாட்டிவிடலாம். அதன் குறைகளும் தெளிவானவை. கைப்பிடியால் சுற்றும் ரெகுலேட்டரில், கண்ணாடி தானாக இறங்காமலிருக்கத் தண்டைச் சுற்றி ஒரு சுருள் பிரேக் இருக்கும். கைப்பிடி சுற்றினால் அது தளரும், கண்ணாடி அழுத்தினால் அது இறுகும். மோட்டார் தன் வார்ம் கியரோடு இந்தப் பிரேக்கின் உராய்வையும் சேர்த்து வெல்ல வேண்டியிருப்பதால் கண்ணாடி மெதுவாகவே ஏறும். கேபிளின் உறுமலும் கேட்கும். கியர்ப்பெட்டியின் தடிமனுக்கு இடம் போதாத கதவுகளில் ட்ரிம் பலகை சற்றுப் புடைத்துத் தெரியும். இவற்றைவிட முக்கியமானது எல்லைக்கு வந்ததும் நடப்பது: கண்ணாடி மேலே முட்டியதும் கைப்பிடியைச் சுற்றும் மனிதரின் கை நின்றுவிடும், மோட்டாரோ சுவிட்சை விடும் வரை முழு விசையுடன் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது பலவீனமான கண்ணி எதுவோ அது விட்டுக்கொடுக்கும். பல கார்களில் அந்தக் கண்ணி பிறையின் கடைசி இரண்டு மூன்று பற்கள் அல்லது கண்ணாடியின் அடிப்பட்டை. ரப்பர் நாடாவின் பிடியில் மட்டும் நிற்கும் அந்தப் பட்டை கண்ணாடியை விட்டு மெல்லக் கழன்று வருவதைக் கவனிக்காமல் விட்டால், ஒரு நாள் கண்ணாடி கதவுக்குள் போய் விழும்.

இரண்டாவது வகையில் வேகம் கூடும், ஓசை குறையும், கதவுக்குள் இடச்சிக்கலும் குறையும். ஆனால் ரிவெட் தட்டிய ரெகுலேட்டர் மீண்டும் கைப்பிடி ரெகுலேட்டராக மாறுவதில்லை. இதற்கு எளிய பரிகாரம் உண்டு: உடைப்புக்குப் போன அதே மாடல் காரிலிருந்து இன்னொரு இணை ரெகுலேட்டரை வாங்கி, அதில் இந்த வேலையைச் செய்துவிட்டு, காரோடு வந்த இணையைத் துடைத்து எண்ணெய் பூசி எடுத்து வைப்பது. பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது; மாற்றங்கள் திரும்பப் பெறத் தக்கவையாக இருக்க வேண்டும் என்பதும், கழற்றிய முக்கியமான மூலப் பாகங்கள் வாகனத்தோடேயே பாதுகாக்கப்பட வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. போட்டிக்கோ கண்காட்சிக்கோ காரை அனுப்பாதவருக்கும் இது பொருந்தும், ஏனெனில் காரை அடுத்து வாங்கப்போகிறவர் என்ன விரும்புவார் என்பது விற்பவருக்குத் தெரியாது.

இந்த வழியில் போகிறவர்கள் கைப்பிடி இருந்த ஓட்டையை என்ன செய்வது என்று கவலைப்படுகிறார்கள். அந்தப் பழைய கைப்பிடியையே சுவிட்சாக மாற்றும் சிறு கருவி ஒன்று கிடைக்கிறது: கைப்பிடியை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்தால் கண்ணாடி ஏறும், மறுபக்கம் சாய்த்தால் இறங்கும், விட்டால் நடுவுக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கதவு மாறியதாகவே தெரியாது. டேஷ்போர்டிலோ கதவிலோ புதிய பிளாஸ்டிக் சுவிட்சுக்காகத் துளை போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பேன்.

மூன்றாவது வழி: அந்தக் காலத்துப் பாகங்கள்

பவர் விண்டோ நாம் நினைப்பதைவிடப் பழைய வசதி. 1940களின் தொடக்கத்திலேயே பக்கார்ட் நிறுவனம் ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயங்கும் கண்ணாடிகளைக் கொடுத்தது; முழுக்க மின்சாரத்தால் இயங்குபவை 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் வந்தன. அந்த ஹைட்ராலிக் வகையை இன்று யாரும் புதிதாகப் பொருத்த நினைக்க வேண்டாம். 1940களில் ஜெனரல் மோட்டார்ஸின் மேல்கூரை திறக்கும் கார்களில் இருந்த அத்தகைய அமைப்பு பிரேக் ஆயிலில் இயங்கியது. ஒரு குழாய் கசிந்தால் கதவின் பெயின்ட் உரிந்துவிடும். 1963இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 600 ஹைட்ராலிக் கண்ணாடிகளை ஓசையில்லாத அதிசயமாக்கியது என்பது வேறு கதை. அதைப் பராமரிப்பவர்கள் பெருமூச்சோடுதான் அதைச் சொல்வார்கள்.

மின்சார வகையைப் பொறுத்தவரை, இந்த வழி திறந்திருக்கிறதா என்பது முழுக்க மாடலைப் பொறுத்தது. 1955 முதல் 1957 வரையிலான ஷெவர்லே கார்களுக்கும், 1967 கமாரோவுக்கும் நிறுவனமே பவர் விண்டோவை விருப்ப வசதியாகக் கொடுத்தது. அந்தக் கமாரோவின் நேர்ப் போட்டியாளரான ஃபோர்டு மஸ்டாங்குக்கோ 1971ஆம் ஆண்டு மாடலில்தான் முதன்முதலாக அது கிடைத்தது. ஆகவே 1965 மஸ்டாங் வைத்திருப்பவர் எவ்வளவு தேடினாலும் இந்த வழியில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், எம்ஜிபி போன்றவற்றுக்கும் அப்படியே. தேடலைத் தொடங்கும் முன் அந்த ஆண்டின் விற்பனைக் கையேட்டை ஒருமுறை புரட்டுவது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

பாகங்கள் கிடைக்கும் மாடலானால், மரபு நோக்கில் இதற்கு இணை வேறில்லை. போல்ட் துளைகள் கதவில் ஏற்கெனவே இருக்கும், சுவிட்சின் குரோம் சட்டகம் காரின் மற்ற அலங்காரத்தோடு ஒன்றிப்போகும், நடுவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதில் பிடிபடாத சிக்கல்கள் இரண்டு உண்டு. ஒன்று, ஒரே ஆண்டின் ஒரே மாடலிலும் செடானுக்கும், நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப்புக்கும், கூரை மடங்கும் கன்வர்ட்டிபிளுக்கும் ரெகுலேட்டர் வேறுபடக்கூடும். இடப்பக்கத்துப் பாகம் வலப்பக்கத்துக்குப் பொருந்தாது. இரண்டு, அந்தக் கால மோட்டார்கள் பலவற்றில் நிரந்தரக் காந்தம் கிடையாது. ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாக இரண்டு காந்தச் சுருள்கள் இருக்கும், இரண்டுக்கும் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) மோட்டாரின் உடல் வழியாகவே போகும். இன்றைய மோட்டார்களோ இரண்டு கம்பிகளின் முனைகளை மாற்றிக் கொடுப்பதால் திசை மாறுபவை. இதைக் கவனிக்காமல் புதிய சுவிட்சைப் பழைய மோட்டாரோடும், பழைய சுவிட்சைப் புதிய மோட்டாரோடும் இணைப்பவர்கள் ஒன்று ஃபியூஸை எரிக்கிறார்கள், அல்லது கண்ணாடி ஏன் நகரவில்லை என்று நாட்கணக்கில் திகைக்கிறார்கள். சுவிட்ச், வயரிங், மோட்டார் மூன்றையும் ஒரே காரிலிருந்து ஒன்றாக வாங்குவதே முறை.

நான்காவது வழி: முழுத் தொகுப்பு

பழைய ரெகுலேட்டர் துருவில் கரைந்துபோய், மாற்றுப் பாகமும் கிடைக்காத காருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். குறிப்பிட்ட மாடலுக்கென்றே வடிவமைத்த தொகுப்பு கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படுபவற்றைப் பொருத்த, கதவின் உள்தகட்டில் வெட்டும் பற்றவைப்பும் பெரும்பாலும் தவிர்க்க முடியாதவை. கண்ணாடி தட்டையானதா வளைந்ததா, அது நேர்க்கீழாக இறங்குகிறதா சாய்ந்து இறங்குகிறதா, முழுதும் இறங்கிய கண்ணாடிக்கும் வெளித்தகட்டுக்கும் இடையில் எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று அளக்காமல் வாங்கிய தொகுப்பு அலமாரிக்குத்தான் போகும். தற்காலக் காரிலிருந்து எடுத்த கேபிள் வகை ரெகுலேட்டரின் வளைந்த தண்டவாளம், 1950களின் தட்டைக் கண்ணாடியைப் பாதி தூரத்தில் சேனலுக்குள் நெருக்கி நிறுத்திவிடும். மேற்சட்டம் இல்லாத கதவுகளில், கண்ணாடி கூரையின் ரப்பரைச் சரியான கோணத்தில் தொடுவதற்கென்று தொழிற்சாலையில் செய்த நுண்ணிய ஒழுங்கமைப்பு கலைந்துபோகும். அதைத் திரும்பக் கொண்டுவர எடுக்கும் நேரம் மோட்டார் பொருத்த எடுக்கும் நேரத்தைவிட அதிகம்.

மின்சாரப் பக்கம்

பேட்டரிக்கு மின்னேற்றும் பழைய வகைக் கருவியான டைனமோ உள்ள காரில் பவர் விண்டோ வைத்தால் அதன் புதிய வகையான ஆல்டர்னேட்டருக்கு மாறியே ஆக வேண்டும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு கண்ணாடி 10 ஆம்பியர் வீதம் 5 விநாடி இழுத்தால் பேட்டரியிலிருந்து போவது 0.014 ஆம்பியர்-மணி, இது பேட்டரிக்கு ஒரு பொருட்டே அல்ல. லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியர் என்பதும், இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதில் ஏறக்குறைய ஒன்றும் வராது என்பதும் உண்மைதான். அதனால் வருவது வேகக் குறைவே: 14 வோல்ட்டுக்குப் பதிலாகப் பேட்டரியின் 12 வோல்ட்டில் கண்ணாடி சற்றுச் சோம்பலாக ஏறும். அதற்காக மூல டைனமோவைக் கழற்றுவது அநியாயம்.

வோல்ட்டேஜ் உண்மையில் தொலைவது வயரில். பேட்டரியிலிருந்து கதவுக்குப் போய்த் திரும்பும் வழி மொத்தம் 8 மீட்டர் என்று கொண்டால், 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 10 ஆம்பியருக்கு ஏறத்தாழ 1.4 வோல்ட் வீணாகும். 3 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. மோட்டாரின் மின்னோட்டத்தை இக்னிஷன் சுவிட்ச் வழியாகவோ பழைய அம்மீட்டர் வழியாகவோ விடாமல், பேட்டரியிலிருந்து நேராக ஒரு சர்க்யூட் பிரேக்கர் வழியாகக் கொண்டுவந்து, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரிலே மூலம் திறந்து மூடுவதே சரி. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஐந்து முனை ரிலே இரண்டு தேவை: 30 எண் முனை மோட்டாரின் ஒரு கம்பிக்கு, 87 எண் முனை பேட்டரிக்கு, 87ஏ முனை எர்த்துக்கு. அழுத்தாத நிலையில் மோட்டாரின் இரு கம்பிகளும் எர்த்திலேயே இருக்கும். எந்த ரிலே இழுக்கிறதோ அதற்கேற்பத் திசை மாறும். ரிலேக்களை உள்ளே காலடிப் பலகைக்குப் பின்னால் வைத்து, சுவிட்சை இருக்கைகளுக்கு நடுவில் அமைத்தால் கதவுக்குள் இரண்டே கம்பிகள் போனால் போதும். கைப்பிடிச் சுவிட்ச் என்றால் இன்னும் மூன்று மெல்லிய கம்பிகள் கூடும்.

பாசிட்டிவ் எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்த, பழைய பிரிட்டிஷ் கார்களிலும் இந்த அமைப்பு குறையில்லாமல் இயங்கும், ஏனெனில் மோட்டாருக்குத் திசை மட்டுமே மாறும். கண்ணாடி தலைகீழாக ஓடினால் இரண்டு கம்பிகளை மாற்றினால் முடிந்தது. சுவிட்சிலுள்ள எல்இடி விளக்கும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் மட்டும் அப்படி விட்டுக்கொடுக்காது. 6 வோல்ட் காரின் நிலை வேறு: 12 வோல்ட் மோட்டார் அதில் பாதி வேகத்தில் தவழும், வோல்ட்டேஜை உயர்த்தும் கருவி வைத்தால் பழைய வயரிங் வழியே 20 ஆம்பியருக்கு மேல் ஓடும். காரையே 12 வோல்ட்டுக்கு மாற்றும் எண்ணம் வேறு காரணங்களுக்காக இல்லையென்றால், 6 வோல்ட் கார் வைத்திருப்பவருக்கு முதல் வழியே போதும்.

கதவுக்கும் தூணுக்கும் இடையில் கம்பி கடக்கும் இடத்தில்தான் பல நல்ல வேலைகள் கெட்டுப்போகின்றன. இரண்டு துளைகளும் நேர் எதிரே இருந்தால் கதவு மூடும்போது ரப்பர்க் குழாய் ஒரே இடத்தில் மடிந்து, கம்பி உள்ளே ஒடியும். ஒன்று சற்று மேலும் மற்றது சற்றுக் கீழுமாக இருந்தால் குழாய் வளைந்து கொடுக்கும். துளையின் வெட்டு விளிம்புக்குத் துருத்தடுப்பு பூசாமல் ரப்பரை மாட்டுவது கதவுக்குச் செய்யும் துரோகம்.

விரலும் கழுத்தும்

இன்றைய கார்களில், தொட்டவுடன் தானாக ஏறும் கண்ணாடி இடையில் எதையாவது தொட்டால் 100 நியூட்டன் விசையைத் தாண்டுவதற்குள் திரும்பி இறங்க வேண்டும் என்று அமெரிக்காவின் 118ஆம் எண் பாதுகாப்புத் தரமும் ஐ.நா.வின் 21ஆம் எண் ஒழுங்குமுறையும் வரையறுக்கின்றன. அது ஏறத்தாழ 10 கிலோகிராம் எடை அழுத்தும் விசை. பழைய கார்களுக்கான தொகுப்புகள் பலவற்றில் இந்தத் தற்காப்பு இல்லை. மின்னோட்டத்தை அளந்து நிறுத்தும் கருவிகளைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம் என்றாலும், சேனல் இறுகியிருக்கும் காரில் அவை உராய்வையே விரல் என்று எண்ணிக் கண்ணாடியை மூட விடாது. ஆகவே சேனலைச் சீராக்கும் வேலை இங்கேயும் முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கருவி இல்லாதவர்கள் சுவிட்சை விட்டவுடன் நிற்கும் அமைப்பையே வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை தொட்டால் முழுவதும் ஏறும் வசதியை அறவே தவிர்க்க வேண்டும். சாவி எடுத்தபின் கண்ணாடி அசையக் கூடாது. சன்னல் வழியாகத் தலையை நீட்டும் குழந்தையின் முழங்கால் படும் இடத்தில் அழுத்துச் சுவிட்ச் இருக்கக் கூடாது. மேலே இழுத்தால் மட்டும் ஏறும் வகை இதற்காகவே வந்தது. வண்டியின் பதிவு விதிகளும் காப்பீட்டு நிபந்தனைகளும் இத்தகைய மாற்றத்தை எப்படிப் பார்க்கின்றன என்று முன்பே கேட்டு வைப்பதும் நல்லது.

எந்தக் கதவு

நான்கு கதவுகளுக்கும் சேர்த்து வாங்கினால் மலிவு என்ற விற்பனை வாதத்துக்குப் பலர் பணிந்துவிடுகிறார்கள். ஓட்டுநரின் கையருகிலேயே இருக்கும் கைப்பிடியை மோட்டாராக்குவதால் மிச்சமாகும் உழைப்பு அற்பம். பின்கதவுக் கண்ணாடிகள் வருடத்தில் சில முறையே இறங்குகின்றன. கன்வர்ட்டிபிளின் சிறு பின்பக்கக் கண்ணாடியின் அமைப்போ தனிச் சிக்கல், அதைத் தொடாமல் விடுவதே புத்தி. உண்மையில் எட்டாதது ஓட்டிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தால் மூட வேண்டிய அடுத்த பக்க முன்கண்ணாடி ஒன்றுதான்.

எனவே நல்ல ரெகுலேட்டரும் நகரும் கண்ணாடியும் உள்ள 12 வோல்ட் கார் ஒன்றுக்கு நான் சொல்லும் தேர்வு இது: எல்லாக் கதவுகளின் சேனலையும் முதல் வழிப்படி புதுப்பித்துவிட்டு, பயணியின் முன்கதவுக்கு மட்டும் பழைய ரெகுலேட்டரைச் சுற்றும் மோட்டாரும் கைப்பிடிச் சுவிட்சும் பொருத்துவது. ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் அதற்கு இணையாக இன்னொரு சுவிட்சை டேஷ்போர்டின் அடிவிளிம்பில், துளையிடாமல், ஒரு சிறு தகட்டில் மாட்டலாம். இரண்டு முன்கதவுகளிலும் ஒரே மாதிரிக் கைப்பிடி இருப்பதால் தோற்றம் கெடாது. நிறுவனமே பவர் விண்டோ கொடுத்த மாடலாகவும், பாகங்கள் முழுமையாகக் கிடைப்பவையாகவும் இருந்தால் மட்டும் மூன்றாவது வழியில் முன்கதவுகள் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஏனெனில் அந்த வயரிங்கும் சுவிட்ச் தொகுதியும் இணையாகவே வடிவமைக்கப்பட்டவை. மற்றவர்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒற்றைக் கதவோடு ஓட்டிப் பார்க்கட்டும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடி அப்போதும் சுமையாகத் தோன்றினால், இரண்டாவது மோட்டாருக்கு வேண்டிய ரிலேக்களையும் கம்பியையும் சேர்க்க ஒரு நாள் வேலைதான்.